முதல் வில்லும் முதல் அம்பும்

வில்லைப்போல நெடுங்காலம் மனிதன் கையில் நிலைத்த கருவிகள் மிகச் சிலவே. வேட்டைக்கும் போருக்கும் விளையாட்டுக்கும் ஒருங்கே பயன்பட்ட அக்கருவியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் போர்க்களங்களையே எழுதிச் சென்றனர். ஆங்கிலேயரின் நெடுவில்லைப் பற்றிப் பேச்செழுந்தால், 1346இல் நிகழ்ந்த கிரெசிப் போரும் 1415இல் நிகழ்ந்த அஜின்கோர்ட் போரும் உடனே நினைவுக்கு வரும். ஆயின், அக்களங்களில் அம்பு மாரி பொழிந்த ஒவ்வொரு வீரனும் ஒரு காலத்தில் வில்லைப் பிடிக்கும் வகையறியாத சிறுவனாகவே இருந்தான். அவனுக்கு முதல் வில்லைத் தெரிந்து கொடுத்தவர் யார்? எந்த மரத்தை விரும்பினர்? எந்த அளவை நோக்கினர்? எந்த இறகு கட்டிய அம்பை அவன் கையிற் கொடுத்தனர்? வரலாற்றாசிரியர்கள் எளிதிற் கடந்து சென்ற இவ்வினாக்களுக்கு விரிவான விடை கூறும் நூலொன்று 1545ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் அச்சேறியது. ‘டொக்சோபிலஸ்’ என்பது அதன் பெயர். ‘வில்லை விரும்புவோன்’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். அதனை இயற்றியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துச் சென் ஜோன் கல்லூரியைச் சேர்ந்த ரோஜர் அஸ்கம் என்னும் இளம் புலவர்.

அக்காலத்து இங்கிலாந்தில் வில்வித்தை ஒருவன் விரும்பினாற் பயிலலாம், விரும்பாவிடின் விட்டுவிடலாம் என்ற நிலையில் இருக்கவில்லை. அது சட்டம் விதித்த கடமை. மூன்றாம் எட்வேட் மன்னன் 1363இல், திருநாட்களிலும் ஓய்வு நாட்களிலும் உடல்வலியுடைய ஆடவர் யாவரும் வில் பயில வேண்டுமென்றும், பந்தாட்டம், சேவற்போர் முதலியவற்றிற் பொழுது போக்கலாகாதென்றும் ஆணையிட்டான். எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1541-42ஆம் ஆண்டுகளில், பாராளுமன்றம் இயற்றிய சட்டம் இதனினும் நுணுக்கமானது. ஏழு வயது முதல் பதினேழு வயது வரையுள்ள ஆண்மக்களுக்கு ஒரு வில்லும் இரண்டு அம்புகளும் வாங்கிக் கொடுத்துப் பயிற்றுதல் தந்தையின் கடமை. வேலைக்காரச் சிறுவனாயின் அவன் எசமானின் கடமை. இருபத்து நான்கு வயதைக் கடந்தவன் 220 யாருக்குக் குறைந்த தொலைவிலுள்ள நிலையான இலக்கை நோக்கி எய்தல் கூடாது. இவ்வாறு வயதுக்கும் தொலைவுக்கும் அளவு வகுத்த அச்சட்டம், மரத்துக்கும் அளவு வகுத்தது. பதினேழு வயதுக்குட்பட்ட எவனும், குறிப்பிட்ட செல்வமுடைய குடும்பத்தவனாக இருந்தாலன்றி, யூ மரத்தாற் செய்த வில்லைப் பயன்படுத்தலாகாது. வில் செய்வோரும் யூ மர விற்களோடு எல்ம், ஆஷ் முதலிய மலிவான மரங்களாலும் விற்கள் செய்து விற்க வேண்டும்.

இவ்விதியின் காரணத்தை அறிதல் வேண்டும். நல்ல வில்லுக்குரிய யூ மரம் இங்கிலாந்திற் போதிய அளவு விளையவில்லை. ஆங்கில நாட்டு யூ கணுக்கள் மிகுந்தது. நேராக நீண்டு வளராதது. உயர்ந்த மலைநாடுகளின் குளிரில் மெல்ல வளர்ந்து, நெருங்கிய வளையங்களும் நேரிய இழையோட்டமும் கொண்ட மரமே வில்லுக்கு உகந்தது. அத்தகைய மரம் ஐரோப்பாவின் தென்பகுதி மலைகளிலிருந்து கப்பலேறி வந்தது. 1472இல் இயற்றிய சட்டமொன்று, இங்கிலாந்துக்குச் சரக்கேற்றி வரும் வணிகர், சரக்கின் ஒவ்வொரு தொன்னுக்கும் நான்கு விற்கட்டைகள் கொண்டு வருதல் வேண்டுமென விதித்தது. 1484இல் வேறொரு சட்டம், இனிய மதுவை ஏற்றிவரும் ஒவ்வொரு பெரும் பீப்பாய்க்கும் பத்து விற்கட்டைகளை வரியாக நிறுத்தியது. நாட்டின் காவலுக்குரிய கருவி அயல்நாட்டுக் காட்டை நம்பி நின்றது. எனவே, அரும்பொருளாகிய யூவைப் படைவீரனுக்கு ஒதுக்கிவைத்துப் பயிலும் சிறுவனுக்கு எளிய மரத்தைக் கொடுத்தது அரசு.

மரத்தைச் சட்டம் வகுக்கலாம். வலுவை வகுத்தல் அதற்கு இயலாது. ஒரு சிறுவனின் தோளுக்கு எவ்வளவு வலுவுள்ள வில் பொருந்தும் என்பதைக் கண்டறிந்தவர்கள் தந்தையரே. இதற்குச் சிறந்த சான்று ஹியூ லற்றிமர் என்னும் சமயப் பெரியாரின் வாய்மொழியிலே கிடைக்கின்றது. லெஸ்டர் மாவட்டத்துக் குடியானவர் ஒருவரின் மகனாகப் பிறந்து வூஸ்டர் நகரத்து மேற்றிராணியாராக உயர்ந்த அவர், 1549இல் இளவரசனாயிருந்து அரசனான ஆறாம் எட்வேட்டின் முன்னிலையிற் பிரசங்கம் செய்தபோது, தம் இளமையை நினைவு கூர்ந்தார். தந்தையார் தமக்கு வில்லிழுக்கக் கற்பித்த முறையை விளக்கினார். கையின் வலியால் மட்டும் இழுத்தல் பிறநாட்டார் முறை. உடல் முழுவதையும் வில்லினுட் செலுத்தி இழுத்தலே ஆங்கிலேயர் முறை. தம் வயதுக்கும் வலிமைக்கும் ஏற்பவே வில் வாங்கிக் கொடுக்கப்பட்டதென்றும், தாம் வளர வளர வில்லும் வலுமிக்கதாய் வளர்ந்ததென்றும், அவ்வாறு பயிலாதவன் நல்ல வில்லாளி ஆவதில்லையென்றும் அவர் கூறினார். முதல் வில்லைத் தெரிதற்குரிய தலையாய நெறி அக்குடியானத் தந்தையின் செயலில் அடங்கியிருந்தது.

அஸ்கம் தாமும் இத்தகைய ஒரு வழிகாட்டியைப் பெற்றிருந்தார். 1515ஆம் ஆண்டளவில் யோர்க் மாவட்டத்திலே பிறந்த அவர், ஹம்ப்ரி விங்பீல்ட் என்னும் பெருமகனாரின் இல்லத்தில் வளர்ந்தார். விங்பீல்ட் சட்டத் தொழிலின் பொருட்டு இலண்டன் சென்று திரும்பும்போதெல்லாம், தம் இல்லத்துச் சிறுவருக்கென விற்களும் அம்புகளும் வாங்கி வருவார். விளையாட்டு நேரத்தில் அவர்களுடன் தாமே வெளிக்குச் சென்று, அவர்கள் எய்வதைக் கண்டிருப்பார். அழகுற எய்தவனுக்குச் சிறந்த வில்லும் அம்பும் கிடைக்கும். அலங்கோலமாக எய்தவனைத் தோழர்கள் நகையாடுவர். இக்கதையை அஸ்கம் தம் நூலில் நன்றியோடு எழுதி வைத்தார். பரிசிலாகப் பெற்ற வில்லின் மதிப்பைச் சிறுவன் தன் உழைப்பால் அறிவான் என்பதே அப்பெரியாரின் கருத்துப் போலும்.

நூல் இரு பகுதிகளையுடையது. வில்லை விரும்புவோனும் கல்வியை விரும்புவோனும் உரையாடுவதாக அது அமைந்துள்ளது. கிரேக்க இலத்தீன் மொழிகளில் வல்லவரான அஸ்கம், அம்மொழிகளில் எழுதினால் தமக்குப் புகழ் மிகுமென்பதை அறிந்தே, தாய்மொழியாகிய ஆங்கிலத்தில் எழுதினார். வில் வாங்குவோரும் விற்போரும் பயில்வோரும் ஆங்கிலம் பேசுவோராக இருக்க, அவர்களுக்குரிய நூல் வேறெம்மொழியில் அமைதல் தகும்? அந்நூலை எட்டாம் ஹென்றி மன்னனுக்குக் காணிக்கையாக்கினார். மன்னனும் மகிழ்ந்து ஆண்டுக்குப் பத்துப் பவுண் உதவித்தொகை வழங்கினான். பின்னர் 1548இல் இளவரசி எலிசபெத்துக்கு ஆசிரியரான பெருமையும் அவரைச் சேர்ந்தது.

முதற் பகுதி வில்வித்தையின் பெருமையைக் கூறும். இரண்டாம் பகுதியே பயில்வோனுக்கு உரியது. அதிலே அஸ்கம் வில்லுக்கு முன்னர், வில்லாளியின் மெய்க்கு வேண்டியவற்றை எடுத்துக்கொள்கின்றார். நாண் திரும்பி வந்து தாக்காமல் இடக்கையைக் காக்கும் முன்கைக் காப்பு, நாணின் கூர்மையால் விரல் புண்படாமற் காக்கும் தோலுறை, பின்னரே நாண். சணலாலும் ஆளியிழையாலும் பட்டாலும் நாண் செய்யும் வழக்குகளைக் கூறி, தெரிவை நாண் திரிப்போனின் அறிவுக்கே விட்டுவிடுகின்றார். ஆயினும் ஓர் எச்சரிக்கை தருகின்றார். மெல்லிய நாண் அம்பைத் தொலைவுக்குச் செலுத்தும். பருத்த நாண் குறியைத் தவறவிடாது. நாண் அறுந்தால் வில்லும் உடன் முறிதல் கூடும். சில காசு மிச்சம் பிடிக்கத் தீய நாண் வாங்குபவன் பெரும் பொருளாகிய வில்லை இழப்பான்.

இனி, வில். யூ மரமே வில்லுக்குரியதென்பதில் அஸ்கத்துக்கு ஐயமில்லை. எல்ம், விச், ஆஷ் முதலிய மரங்கள் நடுத்தரமானவை என்று அவர் தள்ளிவிடுகின்றார். யூவின் சிறப்புக்குக் காரணம் அதன் உள்ளமைப்பிலேயே உண்டு. மரத்தின் வெளிப்புறத்து வெளிறு வெண்மையானது. இழுத்தால் நீண்டு கொடுக்கும். உட்புறத்து வைரம் செம்மை கலந்தது. அமுக்கினால் தாங்கி நிற்கும். வில்லின் முதுகில், அஃதாவது இலக்கை நோக்கிய பக்கத்தில், மெல்லிய வெளிறும், வில்லாளியை நோக்கிய வயிற்றுப் பக்கத்தில் வைரமும் அமையுமாறு கட்டையைச் செதுக்கினால், இரு வேறு பொருள்களை ஒட்டிச் செய்ததுபோன்ற வலிமை ஒரே மரத்தில் இயற்கையாகவே கிடைத்துவிடுகின்றது. வளையும் வில்லின் முதுகு நீளவும் வயிறு ஒடுங்கவும் வேண்டியிருத்தலின், இவ்வமைப்பு வில்லுக்கென்றே படைத்தாற் போன்றது.

அஸ்கம் குறிப்பிடும் மரங்களுள் ஒன்று பிரேசில் மரம். அப்பெயர் தென்னமெரிக்க நாட்டை நினைவூட்டினும், நாட்டின் பெயருக்கு முந்தியது மரத்தின் பெயரே. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற பதங்கம் அல்லது சப்பங்கி எனப்படும் செஞ்சாய மரத்தை இடைக்கால வணிகர் அப்பெயரால் அழைத்தனர். இலங்கையிற் கிடைக்கும் அம்மரமே உலகிற் சிறந்ததென்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதினார். 1500ஆம் ஆண்டின் பின்னர் போர்த்துக்கேயர் அட்லாண்டிக்குக்கு அப்பால் அதையொத்த மரத்தைக் கண்டபோது, பழம்பெயர் புதுநாட்டுக்கு ஆயிற்று. கீழைத்தேயத்தாருக்குச் சாயமாகிய மரத்தின் பெயர், ஆங்கிலேய வில்லாளியின் நூலில் வில்லுக்கும் அம்புக்கும் உரிய மரங்களின் பட்டியலில் இடம்பெற்றது இவ்வாறே.

மரத்தின் இனத்தை அறிந்தபின், மரத்தின் எப்பகுதி என்று நோக்குதல் வேண்டும். கிளை, இளமரம், அடிமரம் என்னும் மூன்றிலிருந்தும் வில் செய்வர். அடிமரத்து வில்லே கணுவற்றது, வைரமேறியது, தொலைவுக்கு எய்வது. இளமரத்து வில் தூய வளர்ச்சியுடையதாயின் விரைந்து எய்யும். முறியுமுன் நெடிது வளையும். கிளையிற் செய்தது கணுவும் முளையும் நிறைந்தது, வலி குன்றியது, சில நாளில் நாணின் வழியே வளைந்து நின்றுவிடும். இவ்வளவு குறை கூறிய பின்னரும், அக்கிளை வில் சிறுவர்க்கும் புதிதாகப் பயில்வோர்க்கும் போதுமென்று அஸ்கம் எழுதுகின்றார். முதல் வில் நெடுங்காலம் உழைக்க வேண்டியதன்று. பிழைகளைத் தாங்கிக்கொண்டு, கையை நல்வழிப்படுத்திவிட்டு, அடுத்த வில்லுக்கு இடங்கொடுத்தலே அதன் பணி. விலையுயர்ந்த அடிமர வில்லைத் தொடக்கத்திலேயே வாங்கியவன், தன் பிழையால் அதனை முறிப்பான். அல்லது முறிந்துவிடுமென்னும் அச்சத்தால் முழுதும் இழுக்கப் பழகாது போவான்.

கடைக்குச் சென்று வில் வாங்குவோன் கண்ணால் ஆராய வேண்டியவற்றையும் அஸ்கம் நிரல்படக் கூறுகின்றார். வில் மெல்லியதாயும் நீண்டதாயும் கனமுள்ளதாயும் உறுதியாயும் இருத்தல் வேண்டும். முறுக்கின்றி நேரே கிடத்தல் வேண்டும். கணுவோ, காற்றாற் பிளந்த பிளவோ, பழுதோ இருத்தலாகாது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீண்டோடும் இழையே நல்லிழை. குறுகிய இழையுடையது நொறுங்கும் இயல்பினது. மெல்லியதாயிருந்தும் கனமாயிருத்தல் மரத்தின் நெருக்கத்துக்கு அடையாளம் என்பதை எண்ணினால், இவ்விலக்கணங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்றல் விளங்கும்.

கண்ணாற் கண்டது போதாது. வாங்கிய வில்லை வெளிக்குக் கொண்டுசென்று, கனமான அம்புகளை எய்து, அதனை வளைத்துப் பழக்க வேண்டும். எவ்விடத்தில் மிகுதியாக வளைகின்றதென்று உற்று நோக்க வேண்டும். அவ்விடமே நாளடைவிற் புண்போல் அரித்து முறிவுக்கு வழி செய்யும். எய்து பார்த்து நல்ல மரமென்று தெளிந்தபின், நம்பிக்கையுள்ள தொழிலாளியிடம் மீண்டும் கொடுத்துச் சிறிது குறுக்கி, மெல்லிதாக்கி, எவ்விடத்தும் ஒரே சீராக வளையுமாறு திருத்திக்கொள்ள வேண்டும். இங்கே அஸ்கத்தின் நடைமுறையறிவு நன்கு புலனாகின்றது. கடையில் விற்கும் வில் முடிந்த வில்லன்று. வாங்கியவனும் செய்தவனும் கூடி முடிக்க வேண்டிய வில். பேணும் முறையும் அவ்வாறே. மெழுகிட்ட கம்பளித் துணியால் தேய்த்துப் பளபளப்பேற்றி, உறையிலிட்டு வைத்தல் நன்று. கற்சுவரின் அருகில் வைத்தால் ஈரமேறி வலி குன்றும்; நெருப்பின் அருகில் வைத்தால் உலர்ந்து நொறுங்கும்.

வில்லைத் தெரிந்தவன் அம்பைப் பிறர் கூறியபடி வாங்கிவிடலாமென்று எண்ணுதல் தவறு. அம்பின் தண்டுக்குப் பதினைந்து வகை மரங்களை அஸ்கம் எண்ணுகின்றார். அவற்றை மூன்று கூறாக வகுக்கின்றார். பிரேசில் முதலிய கனத்த மரங்கள் மந்தமாய்த் தள்ளாடிச் செல்லும் அம்புகளைத் தரும். ஓல்டர், எல்டர், ஆஸ்ப், சலோ முதலியன மிக இலேசாகவோ வலியற்றோ இருத்தலின், அம்பு நிலைகொள்ளாது துள்ளிப் பறக்கும். பேர்ச், ஹோர்ன்பீம் ஆகிய மரங்களும், ஓக், ஆஷ் என்பவற்றிற் சிலவும் வில்லின் வேகத்தைத் தாங்கும் உறுதியும் தொலைவு செல்லும் இலேசும் ஒருங்கே உடையனவாதலின், அவையே நடுநிலையான தெரிவு. அத்துடன் அம்பு வில்லுக்கும் வில்லாளிக்கும் பொருந்துதல் வேண்டும். ஒருவனுக்குச் சிறந்த அம்பு இன்னொருவனுக்குப் பயன்படாது போகலாம். மிகக் குறுகிய அம்பு, இழுக்கும்போது வில்லுக்குள்ளே வந்து வில்லையே முறிக்கும். நாண் பொருந்தும் வெட்டு அகன்றதாயின் நாண் வழுவி, அம்பும் வில்லும் ஆபத்துக்குள்ளாகும்.

இறகைப் பற்றி அஸ்கம் எழுதிய பகுதி நகைச்சுவையும் நல்லறிவும் கலந்தது. மயிலிறகு கட்டிய அம்பு அழகியது. அதனைக் கையிற் கொண்டவன் செல்வனாகத் தோன்றுவான். ஆயின், அவ்விறகு முரடானது, கனமானது. அம்பைச் சமமாகத் தாங்கிச் செல்லாது. அழகுக்காக அதனை ஏற்ற பலர் பயனுக்காகக் கைவிட்டனர். வாத்தினத்தைச் சேர்ந்த கூஸ் என்னும் பெரும்பறவையின் இறகே எக்காலத்துக்கும் ஏற்றது. கிழப் பறவையின் இறகு விறைப்பானது; காற்றை எதிர்த்துச் செல்லும் அம்புக்கு நன்று. இளம் பறவையின் இறகு மென்மையானது. விரைந்து செல்லும் அம்புக்கு நன்று. ஓர் அம்புக்குரிய மூன்று இறகுகளும் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்தனவாதல் வேண்டும். வலச்சிறகும் இடச்சிறகும் எதிரெதிராக வளைந்தவை. அம்மூன்றனுள் ஓர் இறகு கருமையாகவோ சாம்பல் நிறமாகவோ இருத்தல் நன்று. அம்பை நாணிலே எவ்வாறு பொருத்துவதென்று பார்த்த மாத்திரத்தில் அது அறிவித்துவிடும். கழனியில் மேயும் எளிய பறவை ஒன்று, உண்ண ஊனும், துயில மெத்தையும், எழுத இறகும் தந்ததோடு, நாட்டைக் காக்கும் அம்புக்குச் சிறகும் தந்ததென்று அதனை அவர் மனமுவந்து புகழ்கின்றார்.

கருவியைத் தெரிந்தபின்னரே எய்யும் முறை. நிற்றல், அம்பை நாணிற் பொருத்தல், இழுத்தல், தாங்கல், விடுத்தல் என அஸ்கம் வகுத்த ஐந்து நிலைகள் அவருக்குப் பின் வந்த வில்லாசிரியர் பலருக்கும் அடிப்படையாயின. தவறான பழக்கங்களை அவர் வருணிக்கும் இடம் படிப்போரை நகைக்கச் செய்யும். ஒருவன் கண்ணை உருட்டி விழிப்பான். ஒருவன் ஒரு கண்ணை மூடுவான். ஒருவன் உதட்டைக் கடிப்பான். வேறொருவன் எய்த அம்பின் பின்னால் உடலை வளைத்து அதனை வழிநடத்த முயல்வான். இக்குறைகள் பெரும்பாலும் தொடக்கத்தில் நல்லாசிரியரின்றிப் பயின்றதால் வந்தவை என்பது அவர் முடிபு.

அஸ்கத்தின் கூற்றுக்களை ஆராய வரலாறு எதிர்பாராத ஒரு வாய்ப்பை வழங்கியது. அவர் நூல் வெளிவந்த அதே 1545ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆந் திகதி, எட்டாம் ஹென்றியின் ‘மேரி றோஸ்’ என்னும் போர்க்கப்பல், போட்ஸ்மத் துறைமுகத்தை அடுத்த கடலிலே, மன்னன் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கையில், மூழ்கியது. அதிலிருந்த ஏறக்குறைய ஐந்நூறு பேருள் மிகச் சிலரே பிழைத்தனர். சேறு மூடிய அக்கப்பல் 1971இற் கண்டுபிடிக்கப்பட்டது. 1982 ஒக்டோபர் 11ஆந் திகதி அதன் எஞ்சிய உடல் கடலினின்றும் மேலே கொண்டுவரப்பட்டது. அகழ்வின்போது 172 நெடுவிற்களும் பல்லாயிரம் அம்புத் துண்டுகளும் கிடைத்தன. அதற்கு முன் அக்காலத்து விற்களாக எஞ்சியிருந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கன. கண்டெடுத்த விற்கள் யாவும் யூ மரத்தாலானவை. நேரிய இழையும், முதுகில் வெளிறும், வயிற்றில் வைரமும் உடையவை. ஓர் ஆளின் உயரத்துக்குக் குறையாத நீளமுடையவை. அஸ்கம் வகுத்த இலக்கணம் அப்படியே கண்முன் கிடந்தது.

அம்புகளோ வேறு கதை கூறின. போருக்குரிய அம்புகளை அக்காலத்தில் ஆஸ்ப் மரத்தாற் செய்வதை அஸ்கம் கண்டித்திருந்தார். கனமும் வேகமும் ஒருங்கே உடைய ஆஷ் மரத்தாற் செய்தலே தக்கதென்று வாதித்திருந்தார். மேரி றோஸ் கப்பலில் இருந்த அம்புகளுட் பெரும்பாலானவை ஆஸ்ப் இனமாகிய பொப்லர் மரத்தாலானவை. எனவே, அவருடைய குறை கூறல் ஏட்டுப் புலவரின் கற்பனையன்று, கண்டறிந்த உண்மையே. விரைவில் வளர்வதும் எளிதிற் செதுக்கத் தக்கதுமான மரத்தை, இருபத்து நான்கு அம்புகள் கொண்ட கட்டுக்களாகப் பெருந்தொகையில் வேண்டிய அரசு விரும்பியதில் வியப்பில்லை. தனியொருவன் தன் கைக்கென ஓரிரு அம்புகளைத் தெரிவதும், ஓர் அரசு படைக்கெனப் பல்லாயிரம் அம்புகளைக் கொள்வதும் ஒரே நோக்கில் நடப்பனவல்ல.

இன்னொரு செய்தியையும் அக்கப்பல் வெளிப்படுத்தியது. அவ்விற்களை முழுதும் இழுப்பதற்கு 100 முதல் 185 இறாத்தல் வரை வலு வேண்டியிருந்திருக்குமென ஆய்வாளர் கணித்தனர். பயிலாத ஒருவன் அவற்றைப் பாதியளவேனும் வளைத்தல் அரிது. கப்பலில் இறந்தோரின் எலும்புகளை ஆராய்ந்தபோது, தோட்பட்டை எலும்பின் நுனி வளர்ந்தும் ஒன்று சேராதிருந்த நிலை சிலரிடம் வழமைக்கு மிகுதியாகக் காணப்பட்டது. எலும்பு முற்றும் வயதுக்கு முன்பே வலிய வில்லை இழுத்துப் பயின்றதன் அடையாளம் இதுவெனக் கருதுவர். லற்றிமரின் தந்தை மகனுக்கு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வலுவைக் கூட்டியதன் பொருள் இங்கே தெளிவாகின்றது. அவ்வுயர் வலுவை எய்த வேறு குறுக்கு வழி இல்லை.

வில்லின் வீழ்ச்சிக்கும் இதுவே ஒரு காரணமாயிற்று. துப்பாக்கி தொடக்கத்தில் வில்லிலும் மெதுவாகவே சுட்டது. ஆயின், ஒரு துப்பாக்கி வீரனைச் சில வாரங்களிற் பயிற்றிவிடலாம். வில்லாளியைப் பயிற்ற ஏழு வயதிலிருந்து தொடங்க வேண்டும். முதல் வில்லை மகன் கையிற் கொடுக்கும் வழக்கம் ஒரு தலைமுறையில் அறுந்தால், அடுத்த தலைமுறையில் சட்டம் எவ்வளவு கடுமையாயினும் வில்லாளிகளை உண்டாக்க இயலாது. 1549இல் லற்றிமர் வருந்தியதும் இதனையே. தந்தையர் பலர் அக்கடமையைக் கைவிட்டனர். சிறுவர் சூதிலும் மதுச்சாலையிலும் பொழுது போக்கினர். 1595இல் அரசின் ஆலோசனை மன்றம் நாட்டுக் காவற்படையில் வில்லை நீக்கித் துப்பாக்கியை ஏற்குமாறு ஆணையிட்டது. 1568இல் இறந்த அஸ்கம் அதனைக் காணவில்லை.

போர்க்களத்தை விட்டகன்ற வில் விளையாட்டாகப் பிழைத்தது. 1781இல் சேர் அஷ்டன் லீவர் இலண்டனில் நிறுவிய வில்லாளர் சங்கம், அஸ்கத்தின் நூற்பெயரைத் தழுவியே தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பல்லாண்டு தொடர்ந்து ஆங்கிலச் சாம்பியனாக விளங்கிய ஹொரேஸ் போட், 1856இல் எழுதிய நூலில் அஸ்கத்தின் ஐந்து நிலைகளைப் போற்றினார். அம்பைக் காதுவரை இழுக்கும் பழைய முறையை மட்டும் மறுத்தார். அம்பு கண்ணுக்கு நேர் கீழே அமைந்தால்தான் குறி நேராகும் என்பது அவர் வாதம். போரில் வலுவை நாடிய இழுப்பு, விளையாட்டிற் குறியை நாடி மாறியது.

இருபதாம் நூற்றாண்டின் அறிவியலும் அஸ்கத்துக்குத் துணை நின்றது. 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பொறியியலாளர் கிளறன்ஸ் ஹிக்மன், அதிவேகப் படக்கருவியால் அம்பு வில்லைவிட்டு அகலும் காட்சியைப் பதிவு செய்தார். அம்பு நேர்க்கோலாகப் புறப்படுவதில்லை. நாண் தள்ளுகையில் வளைந்து, மீன்போல் நெளிந்து, வில்லின் பக்கத்தைச் சுற்றிக் கடந்து, பின்னரே நேராகின்றது. வில்லின் வலுவுக்கு அம்பின் விறைப்புப் பொருந்தினால் அந்நெளிவு அம்பை இலக்கின் வழியே கொண்டுசெல்லும். பொருந்தாவிடின் பக்கத்தே எறிந்துவிடும். ஒருவனுக்குச் சிறந்த அம்பு இன்னொருவனுக்குப் பயன்படாதென்று அஸ்கம் கையனுபவத்தாற் கூறியதன் காரணம், ஏறக்குறைய நானூறு ஆண்டுகளின் பின் கண்ணுக்குப் புலனாயிற்று. வில் குறி தவறினால் வில்லாளியைப் பழிக்கும் உலகம், சில வேளை பொருந்தாத அம்பையும் நினைத்தல் வேண்டும்.

இக்காலத்தும் மரவில்லைப் பயில விரும்புவோர் பல நாடுகளில் உளர். அவர்களுக்குப் பயிற்சியாளர் கூறும் முதல் அறிவுரை, வலு குறைந்த வில்லுடன் தொடங்குக என்பதே. முழு வளர்ச்சியடைந்தவருக்கும் முப்பது இறாத்தலுக்கு மேற்படாத வில்லையே தொடக்கத்திற் பரிந்துரைப்பது பொதுவழக்கு. வில்லை வாங்கிய பின்னரே, அதன் வலுவுக்கும் இழுப்போனின் கைந்நீளத்துக்கும் ஏற்ப அம்பைத் தெரிவர். முன்கைக் காப்பும் விரலுறையும் இன்றும் வேண்டப்படுவனவே. நார்க்கண்ணாடியும் அலுமினியமும் செயற்கை இழையும் மரத்துக்கும் சணலுக்கும் துணையாக வந்துவிட்டன. தெரிவு செய்யும் நெறியோ மாறவில்லை.

தன்னால் இழுக்க இயலாத வில்லைத் தோளில் மாட்டித் திரிபவன் பிறர் கண்ணுக்கு வீரனாகத் தோன்றலாம். இலக்கு அவனை அறியாது. லெஸ்டர் மாவட்டத்துக் குடியானவர் தம் சிறுமகனுக்கு வாங்கிக் கொடுத்த வில் எத்தகைய மரமென்று எவரும் எழுதிவைக்கவில்லை. அது அவன் கைக்கு அளவாக இருந்தது என்ற செய்தி மட்டும், ஓர் அரசன் முன்னிலையில் முதுமையிலும் நன்றியோடு எடுத்துரைக்கத்தக்க செய்தியாக நிலைத்துவிட்டது.